இரண்டரை அங்குலம்: கீழக்கரையில் ஒரு மாடி ஜன்னலைப் படமெடுத்த கதை

ஆசாரி படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இத வச்சு ஜன்னல் செய்ய முடியாது" என்றார். ஏ-3 தாளில் பிரிண்ட் போட்டு, சுருட்டி, பஸ்ஸில் மடங்காமல் கொண்டுபோயிருந்தேன். அதைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் ராமநாதபுரத்துக்காரன். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துப் பிழைக்கிறேன். பழைய கட்டடங்களை எடுப்பது சொந்தக் கிறுக்கு. கீழக்கரையில் கல்யாணம் எடுக்கப் போன ஒரு வீட்டில் இந்தக் கிறுக்கைக் கண்டுகொண்ட வீட்டுக்காரர், "எங்க பழைய வீட்டு ஜன்னல எல்லாம் எடுத்துக் குடுங்களேன், வேலை ஆரம்பிக்கப் போறோம்" என்று கேட்டார். வேலை என்றால் பாதியை இடித்துப் பாதியைப் புதுப்பிப்பது. அவரை நான் காக்கா என்பேன், அவருடைய அக்காவை லாத்தா; அந்த ஊர்ப் பேச்சில் அண்ணன், அக்கா என்று அர்த்தம். வீடு நாலு பேர் பங்கில் இருக்கிறது, இரண்டு பேர் வெளிநாட்டில். நூறு வயசுக்கு மேல் என்பது குடும்பத்தார் கணக்கு.

மொத்தம் ஆறு ஜன்னல். தெருப்பக்கம் கீழே மூன்று, மாடியில் ஒன்று, முற்றத்தைப் பார்த்து இரண்டு. இந்தக் கதை மாடி ஜன்னலைப் பற்றியது. அது ஒன்றில்தான் நிலைக்கு மேலே அரைவட்ட வளைவு இருந்தது. வளைவுக்குள் வண்ணக் கண்ணாடி, கீழே கம்பி, வெளிப்பக்கம் சாய்ந்த பட்டைகள் கோத்த இரட்டைக் கதவு. அந்த ஜன்னல் இப்போது அங்கே இல்லை.

சுவரும் மரமும்

இந்தக் கரையின் பழைய சுவர்களில் பாதி கடலிலிருந்து வந்தவை. பவளப்பாறையை வெட்டிக் காயவைத்து அடுக்கி, சிப்பிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். காரை உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பூப்பூவாகத் தேன்கூட்டுக் கண்கள் தெரியும். அந்தக் கல் லேசானது, சுவரோ தடிமன். தடிச் சுவர் என்பதால் ஜன்னல் நிலை சுவர் முகத்தோடு சமமாக நிற்காது, உள்ளே தள்ளித்தான் நிற்கும். இந்த வீட்டில் அரை அடி உள்ளே. இந்த அரை அடி பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

நிலையும் கதவும் பர்மாத் தேக்கு. மாடித் தளத்துக்குப் பனஞ்சட்டம். ராமநாதபுரம் சீமையில் பனைக்கா பஞ்சம், தேக்குதான் கப்பலேறி வந்திருக்கிறது. கீழக்கரை மரைக்காயர்கள் முத்தும் சங்கும் துணியும் விற்ற காலத்தில் திரும்பி வந்த கப்பலில் மரமும் வந்தது. ஜன்னல் என்ற சொல்லே கப்பலில் வந்ததுதான், போர்ச்சுக்கீசியரின் 'ஜனேலா'. அதற்கு முன்னால் நம்மிடம் காலதர் என்றொரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மாடி ஜன்னலுக்கு அந்தப் பேர்தான் பொருந்தும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாசத்தில் தெற்கே முற்றத்தில் இறங்கும் காற்று இதன் வழியாகத்தான் வடக்கே வெளியேறும். லாத்தா அந்த ஜன்னலடியில் பாய் போட்டுப் படுத்தே வளர்ந்தவர்.

பவளக்கல் இனி கிடைக்காது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்குமாகப் பல காலம் பாறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001இல் கல்பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றினார்கள். இன்றைக்கு ஒரு ஜன்னல் வளைவு சரிந்தால் அதே கல்லைப் பொறுக்கித் திருப்பி அடுக்கலாம், புதுக்கல் கேட்டால் கேஸ்தான். ஆகவே பிரிப்பதற்கு முன்னால் எந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்குப் படம் வேண்டும். காக்கா என்னைக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி

முதல் தடவை ஜனவரியில் போனேன், இரண்டு நாள். வீட்டின் தெருப்பக்கம் வடக்கே பார்த்தது. சந்து ஆறடிகூட இருக்காது, கிழக்கு மேற்காக ஓடுகிறது.

இந்த ஊரில் ஜன்னலைப் படமெடுப்பது வேறு கட்டடப் படம் மாதிரி இல்லை. கோயில் கோபுரத்தை யாரைக் கேட்டு எடுக்கிறோம்? ஜன்னல் என்பது ஒரு வீட்டின் கண். ஆண்கள் பாதிப்பேர் கடல் தாண்டி வேலை பார்க்கிற ஊரில் பகலில் வீடுகளில் இருப்பது பெண்கள்தான். தெருவில் டிரைபாட் ஊன்றி மேலே கேமராவைத் திருப்பினால் எதிர்வீட்டுத் திரை அசைந்து மூடும். முதல் நாள் காலை பாதி இதிலேயே போயிற்று. காக்காவின் மகன் வீடு வீடாகப் போய், "போட்டோக்காரண்ணன் மாடில நிப்பாரு, ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு வந்தான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஏற அனுமதி கிடைத்தது, கொடியில் காய்ந்த துணியை எடுக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிளம்புவதற்கு முன் எடுத்த எல்லாவற்றையும் லாத்தாவிடம் காட்டினேன். பதினொரு படத்தில் யாரோ ஒருவருடைய கையோ முக்காடோ தெரிந்தது. அங்கேயே அழித்தேன். இது கெடுபிடி என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டு ஜன்னலை எவனாவது எடுத்தால் நானும் கேட்பேன்.

மொட்டைமாடிக்கு ஏன் போக வேண்டும்? தெருவில் நின்று மேலே பார்த்து எடுத்தால் ஜன்னல் மேலே போகப்போகக் குறுகிக் கூம்பாகும். கம்ப்யூட்டரில் அதை நிமிர்த்தலாம், பொத்தான் இருக்கிறது. நிமிர்த்தும்போது பக்கவாட்டுக் கோடுகள் நேராகும், ஆனால் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் உண்மையானதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரை இழுக்கிறோம், அவ்வளவுதான். ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுக்கலாம். என்னிடம் அது இல்லை. எதிர்வீடு மாடியில்லாத ஒற்றைத் தள வீடு. அதன் மொட்டைமாடியில் நின்றால் என் கண்மட்டமும் ஜன்னலின் நடுவும் ஒன்றாக வந்தன. ரசமட்டம் வைத்து, கேமராவின் முகம் சுவருக்கு இணையாக நிற்கும்படி செய்து, 35 மி.மீ. லென்ஸில் நிறுத்துவாக்கில் எடுத்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி டிரைபாட். லென்ஸிலிருந்து நிலை வரை ஏழடி. நோட்டில் 'ஏழடி' என்று எழுதிவைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

எஃப்/8, ஐஎஸ்ஓ 100, இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் ஐந்து படம். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமரா ஏமாறும், அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை வரை கூட்டிக் கொடுத்தால்தான் சுண்ணாம்பு சுண்ணாம்பாக இருக்கும். அதிலும் இங்கே சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிக்கிறார்கள். கேமராவின் தானியங்கி நிறத் திருத்தம் (ஒயிட் பேலன்ஸ்) அந்த நீலத்தைக் குறை என்று நினைத்துத் திருத்தி, சுவரைப் பழுப்பாக்கிவிடும். கிரே கார்டு என்கிற சாம்பல் நிற அட்டை ஒன்றை முதல் படத்தில் வைத்து எடுத்துக்கொண்டால் போதும்.

அளவுக்காக ஓரடி ஸ்கேல் ஒன்றை, காக்காவின் மகனைவிட்டு உள்ளிருந்து கையை நீட்டி ஒட்டச் சொன்னேன். அவன் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டினான். நிலையை ஒட்டிய சுவர் முகத்தில். படத்தில் அழகாகவே விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் தனுஷ்கோடி போனேன். வேலைக்கு இல்லை, ஆசைக்கு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. கூரை இல்லை, மரம் இல்லை, கம்பி இல்லை, பவளக்கல் மட்டும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு அங்கே எப்போதும் கூட்டம். அன்றைக்கும் இரண்டு மணமக்கள் வரிசையில் நின்றார்கள், தொழில்காரன் என்ற முறையில் நான் குறைசொல்லக் கூடாது. எல்லோரும் சுவரின் திறப்பு வழியாகத் தெரியும் நீலத்தை எடுக்கிறார்கள். அது வானத்தின் படம். வெளியே உள்ள வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்ததும் சுவர் கறுத்து வெறும் சட்டமாகிவிடுகிறது. நான் வானத்தை வெளுக்கவிட்டுக் கல்லுக்கு வைத்தேன். வளைவில் கற்களை எப்படிச் சரிவாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள், மரநிலை உட்கார்ந்த பள்ளம் எங்கே, கம்பி செருகிய துளையில் துரு வழிந்த தடம் எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. நிலை போனபின்தான் ஒரு ஜன்னலின் உள்ளமைப்பு வெளியே வருகிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸின் முகத்தில் உப்புப் படலம் ஏறும். வேட்டி முனையால் துடைத்துவிடாதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மே மாசம்

மேயில் காக்கா போன் செய்தார். கூரை வேலை நடக்கும்போது, பங்காளிகளில் ஒருவர் சம்மதத்தோடு, மாடி ஜன்னலைப் பெயர்த்துப் பழைய மரச் சாமான் வாங்குகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். சொல்லாமல் செய்தது. எங்கே போனது என்று விசாரித்ததில் இரண்டு கை மாறிவிட்டது. பெயர்த்த வேகத்தில் சுவரும் இரண்டடி அகலத்துக்கு உடைந்துவிட்டதால் பழைய திறப்பின் அளவும் போயிற்று.

லாத்தா சாப்பிடாமல் இருந்தார் என்று காக்கா சொன்னார். "புதுசா அதே மாதிரி செஞ்சிருவோம் லாத்தா" என்று தம்பி வாக்குக் கொடுத்துவிட்டார். கையில் இருந்தது என் படங்கள் மட்டும். அப்படித்தான் நான் ஆசாரியின் முன்னால் போய் நின்றேன்.

முடியாது என்று சொன்னவர், டீ வந்த பிறகு காரணம் சொன்னார். அவருடைய கேள்விகளை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். நிலைச் சட்டம் எத்தனை கனம்? முகத்தில் செதுக்கின வரி எத்தனை ஆழம், உருட்டா பள்ளமா? நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேர்கிற மூலையில் கொம்பு வெளியே நீண்டிருந்ததா? கம்பி சட்டத்தை ஊடுருவிப் போனதா, துளைக்குள் நின்றதா? பட்டைகளுக்கு எத்தனை சாய்வு, ஒன்றின் மேல் ஒன்று எத்தனை ஏறியிருந்தது? கீல் எந்தப் பக்கம், கொண்டி உள்ளேயா வெளியேயா? நூற்று நாற்பது படத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூட முழுப் பதில் இல்லை. எல்லாம் நேர்ப்பார்வை, எல்லாம் நிழலே இல்லாத தட்டை வெளிச்சம்.

வெளிச்சத்துக்கு நான் மட்டும் பொறுப்பில்லை, மாசமும் பொறுப்பு. கீழக்கரை ஏறக்குறைய 9.2 பாகை வடக்கில் இருக்கிறது. ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே நிற்கும், வடக்குச் சுவரில் வெயில் படாது. ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 வாக்கில் நண்பகல் சூரியன் வடக்கே 76 பாகை உயரத்தில் இருக்கும். அந்த வெயில் வடக்குச் சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஒரு சென்டிமீட்டர் புடைப்பு நாலு சென்டிமீட்டர் நிழலை விழவைக்கும். காரையின் வரி, ஆணித்தலை, பட்டையின் விளிம்பு என எதுவும் ஒளிய முடியாது. நம்ம ஊர்க் கடிகாரத்துக்கு இங்கே சூரிய நண்பகல் 12 மணியில்லை, 12.16 போல. வடநாட்டுக்காரர் எழுதிய பாடத்தில் 'வடக்கு முகப்புக்கு வெயிலே வராது' என்று இருந்ததை நம்பி, வடக்கு ஜன்னலா, எந்த மாசம் எடுத்தால் என்ன என்று இருந்துவிட்டேன். நம் கரைக்கு அந்தப் பாடம் நாலரை மாசம் பொய்.

அளவு

ஆசாரி கேட்டதில் மிகப் பெரியது அகலம். படத்தில் ஸ்கேல் இருந்ததால் இதையாவது சொல்லிவிடலாம் என்று கம்ப்யூட்டரில் புள்ளிகளை எண்ணிக் கணக்குப் போட்டேன். நிலையின் வெளி அகலம் முப்பத்து மூன்றரை அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. ஆசாரி உதட்டைப் பிதுக்கினார். "முப்பத்து மூணரைக்கு எந்த ஆசாரியும் நிலை வைக்க மாட்டான். மூணடி வைப்பான், ரெண்டே முக்கால் வைப்பான்." நான் கணினிக் கணக்கைச் சொன்னேன். அவர் இழைக்கப் போய்விட்டார்.

அந்த முடிச்சை அவிழ்த்தது லாத்தா. பீரோவிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கண்ணாடியை எடுத்துவந்தார். பச்சை நிறம், ஒரு கை அகலம். பெயர்க்கும்போது வளைவுக்குள் கீழ்வரிசையிலிருந்து கழன்று விழுந்ததை, உடையாமல் இருந்ததால் எடுத்து வைத்திருக்கிறார். உயரம் சரியாக ஒன்பது அங்குலம். ஆசாரி அதை வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். மேலும் கீழும் கால் கால் அங்குலத்துக்குப் கண்ணாடி பதிக்கிற பழைய மக்கு காய்ந்து கோடாக ஒட்டியிருந்தது. "இவ்வளவு மரத்துக்குள்ள இருந்திருக்கு. வெளிய தெரிஞ்சது எட்டரை." என் படத்தில் அதே கண்ணாடியை அளந்தேன். ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் நடுவில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கேலை ஒட்டியது சுவர் முகத்தில். நிலை அதிலிருந்து அரை அடி உள்ளே. ஏழடி தூரத்திலிருந்து பார்க்கும் லென்ஸுக்கு ஸ்கேல் ஆறரை அடியில் நிற்கிறது. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிந்த ஓரடியை அளவுகோலாக வைத்து அளந்தால், பின்னால் இருக்கிற எல்லாம் சிறுத்துவிடும். எண்பத்து நாலு அங்குலத்துக்கு எழுபத்தெட்டு என்ற விகிதம். முப்பத்து மூன்று புள்ளி நாலை எழுபத்தெட்டால் வகுத்து எண்பத்து நாலால் பெருக்கினேன். முப்பத்தாறு. கண்ணாடிக் கணக்கிலும் அதே முப்பத்தாறு, மேலே அரைக்கால் அங்குலம்கூட இல்லை. "மூணடி" என்றார் ஆசாரி, நான் சொல்வதற்குள்.

இரண்டரை அங்குலத்துக்கு மேல் பிசகு. இணையத்தில் 'ஸ்கேல் வைத்து எடுங்கள்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எந்தத் தளத்தில் வைக்க வேண்டும் என்று நான் படித்த யாரும் எழுதவில்லை. அளக்க வேண்டியது நிலையென்றால் ஸ்கேல் நிலையின் முகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். காரை வேலைப்பாட்டை அளக்க வேண்டுமென்றால் சுவரில். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு ஸ்கேல். தள்ளி நின்று எடுத்தால் பிசகு குறையும்: எழுபதடியிலிருந்து எடுத்திருந்தால் இதே அரை அடி கால் அங்குலத் தப்போடு போயிருக்கும். ஆறடிச் சந்தில் எழுபதடிக்கு எங்கே போவது?

நிறம்

அகலம் கிடைத்தது, கண்ணாடியின் வரிசை கிடைக்கவில்லை. பகலில் வெளியிலிருந்து எடுத்தால் வண்ணக் கண்ணாடி கறுப்பாகத்தான் விழும், உள்ளே இருட்டு என்பதால். என் படங்களில் வளைவு முழுக்கக் கறுப்பு, அதன் மேல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பிரதிபலிப்பு. போலரைசர் போட்டிருந்தும் பயனில்லை. அந்த வடிகட்டி சாய்வாக வரும் பிரதிபலிப்பைத்தான் வெட்டும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுக்கிறவனுக்கு அது வெறும் இருட்டுக் கண்ணாடி. உள்ளே போய் வானத்தைப் பின்னால் வைத்து ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. உள்ளறையில் பெண்கள் இருந்தார்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

காக்காவின் மகள் போனைத் துழாவி ஒரு படத்தைக் கண்டுபிடித்தாள். ஏதோ ஒரு பெருநாளன்று சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் கட்டிலில் குதிக்கிற படம். ஃபோகஸ் இல்லை, கோணல், ஒரு பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் ஜன்னல் எரிகிறது: பச்சை, மஞ்சள், பச்சை, நடுவில் நீலம், மறுபடி பச்சை, மஞ்சள், பச்சை. கொண்டி உள்பக்கம் என்பதும், அது எந்தக் கதவில் இருந்தது என்பதும் அதே படத்தில் தெரிந்தது. அந்தப் படத்தை ஆசாரி தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். என்னுடையதை வாங்கவில்லை.

ஜூன்

மீதி ஐந்து ஜன்னலையும் ஜூன் மூன்றாம் வாரம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விரலால் காட்டுவார், நான் எடுப்பேன். நிலையின் முகத்தில் ஒரு ஸ்கேல், சுவரில் ஒரு ஸ்கேல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேர்ப்பார்வை இரண்டே இரண்டு, மீதியெல்லாம் மூலைகள்: கொம்பு சேர்கிற இடம், கீல், கம்பி படியில் இறங்குகிற இடம். கீழ் ஜன்னல் ஒன்றில் கம்பி துருவேறி ஊதிப் படிக்கல்லைப் பிளந்திருந்தது. இரும்பு துருவானால் இடம் பல மடங்கு கேட்கும், கல் வழிவிடாது. ஜனவரிப் படத்தில் அந்த வெடிப்பு தெரியவே இல்லை. ஜூன் வெயிலில் கறுப்புக் கோடாக விழுந்தது. சிமெண்ட் வைத்து யாரோ அதை முன்பு பூசியிருக்கிறார்கள், பூசின ஓரத்தைச் சுற்றித்தான் கல் உப்புப் பொரிந்து மாவாகக் கொட்டுகிறது. ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் பக்கத்துக் கல் வழியாகப் போகிறது, உப்பை அங்கே விட்டுவிட்டு.

நிலையின் செதுக்கு வரிக்கு மட்டும் கேமரா தோற்றது. நிழல் ஆழத்தைக் காட்டும், வடிவத்தைச் சொல்லாது. ஆசாரி மெல்லிய ஈயக் கம்பியை வரியின் மேல் வைத்து நகத்தால் அழுத்தி, மெதுவாக எடுத்து, தாளில் படுக்கவைத்துப் பென்சிலால் வரைந்தார். நான் அந்தத் தாளைப் படமெடுத்தேன். மாடி ஜன்னலின் வரியும் இதுவேதான் என்று ஜனவரிப் படத்தோடு வைத்துப் பார்த்துச் சொன்னார். ஒரே கையின் வேலையாம். எப்படித் தெரியும் என்றேன். "உளி திரும்புற எடத்துல ஒரு சின்னப் பிசிறு விடுறான் பாருங்க, எல்லாத்துலயும்." பெரிதாக்கிப் பார்த்தேன், இருந்தது.

புது ஜன்னலைச் செய்து முடிக்க ஆசாரிக்கு இரண்டு மாசம் ஆயிற்று. பழைய தேக்கே வாங்கினார்கள், இடித்த வீட்டு மரம். கண்ணாடி மதுரையிலிருந்து வந்தது. புதுப் பச்சை கொஞ்சம் கண்ணைப் பறிக்கிறது, பழைய பச்சையில் இருந்த நீர்க்குமிழி அதில் இல்லை. லாத்தாவின் கண்ணாடியை இடமிருந்து மூன்றாவதாக, பெருநாள் படத்தில் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். மேலும் கீழும் கால் அங்குலம் மரத்துக்குள் போய் உட்கார்ந்தது.

போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். அந்த ஏ-3 பிரிண்ட்டைப் பிற்பாடு நானே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், ஆணி சரியாக வளைவின் நடுவில். மரத்தூள் படிந்து சுவர் நீலமும் சுண்ணாம்பு வெள்ளையும் ஒன்றாகிவிட்டன. நான் அத்தனை கவனமாக ஒட்டவைத்த ஸ்கேலின் மேல் தச்சுப் பென்சிலால் பெருக்கல் குறி. பக்கத்தில் பெரிதாக, 36.